மேஸ்திரிக்கு அப்புறம் யார்? லாரி உரிமையாளர் சங்கங்களுக்கும் பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர், ஈரோடு, கோவை வட்டாரங்களில் லாரி, டேங்கர், பஸ், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் சங்கத்துக்காரர்களுக்கும், அந்த வண்டிகளைப் பார்க்கும் பட்டறை முதலாளிகளுக்கும் வணக்கமுங்க.

நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) கம்மியர் மோட்டார் வாகனப் பிரிவுக்கு, அதாவது வண்டி மெக்கானிக் பிரிவுக்கு, பாடம் எடுக்கிறவன். அந்தப் பிரிவின் ஆங்கிலச் சுருக்கத்தில் எம்எம்வி சார் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். "சார், நல்ல பையனா ரெண்டு பேர் இருந்தா அனுப்பி உடுங்க, ஆளே கெடைக்கறதில்லைங்க" என்று வருஷம் முழுக்கப் போன் வருகிறது. பேசுகிறவர்கள் நீங்கள்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பையன்கள் இருக்கிறார்கள். உங்களிடம் அனுப்பத்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

அனுப்பினால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டேன். இரண்டு வருஷம் படித்து, அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, சான்றிதழோடு வருகிறவனை முதல் நாளே டீசல் டப்பா முன்னால் சாமான் கழுவ உட்கார வைக்கிறீர்கள். அது தப்பில்லை. கழுவுகிறவன்தான் எந்தப் பல் உடைந்திருக்கிறது, எந்த பேரிங் நீலம் பாய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறான். நானும் வகுப்பில் கழுவத்தான் விடுகிறேன். ஆனால் ஆடி போய் ஆவணி வந்து, தீபாவளியும் போன பிறகும் அவன் அதே டப்பா முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். டீ வாங்கப் போகிறான், டயர் கழற்றுகிறான், கிரீஸ் அடிக்கிறான். சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம் கையில், அதுவும் அன்றைய வசூலைப் பொறுத்து. வேலைக்குச் சேர்ந்ததற்கும் கடிதம் கிடையாது, வேலை பார்த்ததற்கும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற சிநேகிதன் தன் வாரக்கூலியைச் சொல்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. அப்புறம் நீங்கள் எனக்குப் போன் போட்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒடம்பு வணங்கறதில்லைங்க சார்" என்கிறீர்கள்.

உடம்பு வணங்காதவன் திருப்பூரில் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் நின்றபடி வேலை பார்க்கமாட்டான்.

உங்கள் பட்டறையின் உண்மையான சொத்து மேஸ்திரி, அதாவது தலைமை மெக்கானிக்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வண்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போதே பின் அச்சு ஹவுசிங்கில் சத்தம் வருகிறது, கிரவுன் பினியன் பல்சக்கரத்தைப் பார்க்கணும் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அவர்கள். பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள் பலர். பத்து, பன்னிரண்டு வயதில் யாரோ ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து, ஸ்பேனரால் அடி வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. அடைபட்டது நல்லதுதான், அந்த வயதுக் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். ஆனால் அந்த வழிக்குப் பதிலாக வேறு வழி எதையும் நாம் திறந்து வைக்கவில்லை. உங்கள் மேஸ்திரியின் தலை நரைத்துவிட்டது. அவர் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. உங்கள் மகனும்தான்.

இதற்கு நடுவில் வண்டி மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு கூடின பிஎஸ் 6 வண்டி மட்டும்தான் விற்கிறார்கள். பழைய எஞ்சினில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் மேஸ்திரி என்ன செய்வார்? எஞ்சின் ஓடும்போதே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அருமையான வழி, காசு செலவில்லை. அந்த நாசில் திறப்பது 200 பார் சொச்சம் அழுத்தத்தில். இப்போது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான குழாயான காமன் ரெயிலில் டீசல் 1500 பாருக்கு மேல் நிற்கிறது. ஓடுகிற எஞ்சினில் அந்த நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சுகிற டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும். உள்ளே சதை அழுக ஆரம்பித்திருக்கும். அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். நாற்பது வருஷ அனுபவம் கையைக் காப்பாற்றாத இடம் இது. அனுபவம்தான் அந்த நட்டின் மேல் ஸ்பேனரை வைக்கச் சொல்கிறது.

பாடி கட்டுகிற இடத்திலும் இதே கதைதான். நாமக்கல்லில் பாடி, கரூரில் பஸ் பாடி என்று நாம் பெயர் வாங்கியதே வெல்டிங் ராடைக் கையில் வைத்துக்கொண்டு. இப்போது பேட்டரி வயரைக் கழற்றாமல், கம்பெனிக்காரன் சொன்ன சாக்கெட்டுகளைப் பிடுங்காமல் சேசிஸில் ஆர்க் வைத்தால், எஞ்சினை நடத்துகிற ஈசியூ பெட்டி போய்விடக்கூடும். அதன் விலை என்ன என்று வாங்கினவரைக் கேட்டுப் பாருங்கள். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றுகிற யூரியா சமாச்சாரமும் அப்படித்தான். டேங்கில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைசல், சுத்தமான தண்ணீரில் கலந்தது. தோட்டத்துக்கு வாங்கின யூரியாவைக் கரைத்து ஊற்றிவிட்டு, சைலன்சர் பக்கத்தில் உப்புப் பூத்து அடைத்துக்கொண்டதும் "கம்பெனி வண்டியே சரியில்லை" என்று சொன்னவர்கள் நம்மிடையே உண்டு. பெயர் வேண்டாம்.

போன வருஷம் ஒரு பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை, செக் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டால், புகையில் நச்சு வாயுவை அளக்கிற நாக்ஸ் சென்சார் பேசவில்லை என்று வருகிறது, கூட இன்னும் இரண்டு மின்னணுப் பெட்டிகளும் பேசவில்லை என்று வருகிறது. முதலாளி பல ஆயிரம் கொடுத்து சென்சாரைப் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டார். லைட் அணையவில்லை. அங்கே எங்களிடம் படித்த பையன் ஒருவன் எடுபிடியாக நின்றுகொண்டிருந்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஸ்கேனர் சொருகுகிற சாக்கெட்டில், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகிற கேன் லைனின் இரண்டு பின்களுக்கு நடுவில் அளந்து பார்த்தான். 60 ஓம் காட்ட வேண்டும். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் 60. மீட்டர் 120 காட்டியது. அப்படியென்றால் ஒரு முனை இவனுக்குத் தெரியவில்லை, நடுவில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. சேசிஸ் ஓரமாக ஒயர் கட்டைத் தடவிக்கொண்டே போனான். பாடி கிளாம்புக்குக் கீழே டேப் தேய்ந்து, ஒரு ஒயர் பிய்ந்து, பச்சையாகக் களிம்பு ஏறி நின்றது. ஒட்டு வைத்து, ஸ்லீவ் போட்டுக் கட்டினான். லைட் அணைந்துவிட்டது.

மேஸ்திரி மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எனக்கும் சொல்லிக் குடு கண்ணு" என்றார். முதலாளி அப்போது பிரித்த சென்சாரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் இன்று அங்கே இல்லை. கார் சர்வீஸ் சென்டர் ஒன்றில் டெக்னீசியனாக இருக்கிறான். சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மாதம் பிறந்தால் வங்கியில் விழுகிறது, பிஎஃப் பிடிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. எங்கள் கூடத்தில் பையன் பிரித்துப் பூட்டுகிற எஞ்சினில் பாதிக்கு மேல் அவன் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. தமிழக அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரூ.2,877 கோடியில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றியிருக்கிறது. ரோபோ, சிஎன்சி, மின்வாகனம் என்று நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. உள்ளதைச் சொல்ல வேண்டும், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கனவுகூடக் கண்டதில்லை. ஆனால் பதினாறு சக்கரத்தில் சரக்கோடு வந்து நிற்கிற லாரி எந்தப் பயிற்சி நிலையத்திலும் நிற்காது. முப்பது டன் ஏற்றின வண்டியில் பிரேக் எப்படிச் சூடாகும், ரிக் வண்டியில் கம்ப்ரசர் எஞ்சின் காட்டில் நின்றுவிட்டால் கையில் இருப்பதை வைத்து என்ன செய்வது என்பதெல்லாம் உங்கள் வாசலில் மட்டும்தான் கற்க முடியும். பையனிடம் மீட்டர் இருக்கிறது, உங்களிடம் வண்டியும் மேஸ்திரியும் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பதற்குச் சட்டமே இருக்கிறது.

1961-இல் வந்த தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தைத்தான் சொல்கிறேன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடம் என்றால் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். பெரிய பஸ் கம்பெனியும் பாடி கம்பெனியும் இதில் வரும். 4 பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் உங்கள் விருப்பம். ஐடிஐ முடித்தவனுக்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும்; 2019 விதியில் அது ரூ.7,000-க்குக் குறையாமல் என்று வைத்தார்கள். அதில் கால் பங்கை, ரூ.1,500 வரை, மத்திய அரசின் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசே பையன் கணக்கில் போடுகிறது. பிஎஃப், இஎஸ்ஐ என்று பயப்படுகிறீர்கள். சட்டப்படி பதிந்த பழகுநர் உங்கள் தொழிலாளி கணக்கில் வரமாட்டான், பயிற்சியாளர்தான், அந்த இரண்டும் அவனுக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்து தேர்வு எழுதினால் அவனுக்குத் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கிறது. போன் போடுகிற முதலாளிகளில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரிந்த சிலரும் "ஆடிட்டரைக் கேட்கணுங்க" என்று அதோடு விட்டுவிட்டார்கள். கேளுங்கள், இணையத்தில் பதிவதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகாது.

"நம்ம பட்டறைல மேஸ்திரியும் நானும் ஒரு ஹெல்பருந்தானுங்க" என்கிறவர்கள் நிறைய. நாலு ஆள் இல்லாத இடம் தனியாகப் பழகுநரைச் சேர்க்க முடியாது, சரி. ஆனால் முதலாளிகள் பலர் ஒன்றுசேர்ந்து, அனுமதி பெற்ற ஓர் அமைப்பு மூலமாகப் பயிற்சி கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இந்த மடலைச் சங்கங்களுக்கும் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான். டீசல் விலைக்கும் சுங்கச்சாவடிக்கும் இன்சூரன்ஸுக்கும் சேர்ந்து நின்று வண்டியை நிறுத்துகிறவர்கள் நீங்கள். அந்தச் சங்கம் தன் ஊர்ப் பட்டறைகளைக் கூட்டி, ஒரு வருஷத்துக்கு இத்தனை பையன்கள் என்று எடுத்து, மூன்று மாதம் எஞ்சின் பட்டறை, மூன்று மாதம் பம்பு, நாசில் பார்க்கிற இடம், மூன்று மாதம் எலக்ட்ரிகல், கடைசியில் பாடியும், தகுதிச் சான்றுக்கு வண்டியைத் தயார் செய்கிற எஃப்சி வேலையும் என்று சுற்றி அனுப்பினால் எப்படிப்பட்ட ஆள் வருவான் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கார் கம்பெனியாலும் அப்படி ஓர் ஆளை உருவாக்க முடியாது. லாரிக்காரர் ஊருக்கு மட்டும்தான் அது முடியும்.

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் 1920-இல் ஒற்றை பஸ்ஸோடு தொழிலை ஆரம்பித்த ஜி.டி. நாயுடு, 1945-இல் கோவையில் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். நாலு வருஷப் படிப்பு காலவிரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் வாதம். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் கல்லூரி முதல்வர் பதவியை விட்டுவிட்டார். அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். இன்றைய வண்டிக்கு மின்னணுவியல் வேண்டும், அது இரண்டு வருஷத்தில் அரைகுறையாகத்தான் ஏறுகிறது. ஆனால் கையால் செய்து கற்க வேண்டும் என்பதில் நான் அவர் பக்கம்; படிப்பில் பாதி பட்டறையில் நடக்க வேண்டும் என்பேன்.

இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா என்று பெற்றோர் என்னைக் கேட்பதைவிட அதிகமாக நீங்கள் கேட்கிறீர்கள். எம்எம்வி இரண்டு வருஷம், கம்மியர் டீசல் ஒரு வருஷம், மின்வாகன மெக்கானிக் இரண்டு வருஷம். அரசு நிலையத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் ரூ.750 உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ரூ.1,000, பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் ரூ.1,000. முடித்தவன் நேராக டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருஷத்துக்கும் போகலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு எம்எம்வி, டீசல் இரண்டு சான்றிதழையும் ஏற்கிறார்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோவோடு பட்டறை அனுபவமும் கனரக லைசென்சும் இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வு எழுதலாம். வளைகுடாவில் கனரக மெக்கானிக்கைச் சோதனை வைத்துத்தான் எடுக்கிறார்கள், அதில் கேட்பது சான்றிதழும் அனுபவமும். ஆப்பிரிக்கா வரைக்கும் போன திருச்செங்கோட்டு ரிக்குக்குப் பின்னால் மெக்கானிக்கும் போயிருக்கிறான். படித்தவனுக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் உங்கள் பட்டறை இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

கரண்ட் வண்டி வந்தால் எல்லாம் போச்சு என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையிலேயே 2008-இல் ஆம்பியர் என்று மின்ஸ்கூட்டர் கம்பெனி ஆரம்பித்தார்கள், இது நமக்குப் புதுச் சரக்கு இல்லை. இரண்டு சக்கர வண்டிப் பட்டறைக்காரர் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட நேரமில்லை. லாரியில் டீசல் இன்னும் நெடுங்காலம் ஓடும் என்பது என் கணிப்பு. கரண்ட் லாரி வந்தாலும் பிரேக்கும் பேரிங்கும் சஸ்பென்ஷனும் எங்கேயும் போய்விடாது. ஆரஞ்சு நிற ஒயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், அதைத் தொடப் படித்த கைதான் வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். கொங்குப் பக்கம் மெக்கானிக் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். ஜாதகம் பார்க்கிற வீட்டில் "பையன் எங்க வேலை?" என்ற கேள்விக்குப் பட்டறை என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் என் மாணவர்கள் தொழிலை விட்டுப் போகச் சொல்கிற காரணங்களில் சம்பளத்துக்கு அடுத்தது இதுதான். சட்டையில் பெயரும், கழுத்தில் அடையாள அட்டையும், வங்கியில் சம்பளமும் இருந்தால் அதே பையன் அதே வேலைக்கு டெக்னீசியன் என்று சொல்லிக்கொள்கிறான். சீருடை தைக்க உங்களுக்கு எவ்வளவு ஆகிவிடும்?

பெண்களும் இந்தப் பிரிவில் சேர்கிறார்கள். மீட்டர் பிடிப்பதிலும் ஒயரிங் படம் பார்ப்பதிலும் என் வகுப்பில் முன்னால் இருப்பது பல சமயம் அவர்கள்தான். அவர்களை உங்களிடம் அனுப்ப முடியாததற்குக் காரணம் வேலை கனம் இல்லை. உங்கள் பட்டறையில் கழிப்பறை இல்லை. பையன்களுக்கும் இல்லைதான், அவர்கள் வெளியே சொல்வதில்லை.

சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பழகுநர் சேர்க்கை முகாம் நடத்தும்போது மில்லிலிருந்து வருகிறார்கள், கார் சர்வீஸ் சென்டரிலிருந்து வருகிறார்கள், பம்ப்செட் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். லாரிக்காரர் மேஜை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு மேஜை போடுங்கள். விபத்தில் அடிபட்டு எடைக்குப் போகிற பிஎஸ் 6 வண்டி இருந்தால், எஞ்சினையும் ஒயரிங்கையும் அப்படியே எங்களுக்குக் கொடுங்கள், லாரி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மேஸ்திரியை மாதம் ஒரு நாள் எங்கள் கூடத்துக்கு அனுப்புங்கள். பையன்களுக்கு அவர் சத்தம் கேட்கக் கற்றுக்கொடுக்கட்டும், அவருக்குப் பையன்கள் ஸ்கேனர் காட்டுவார்கள். அன்றைய கூலியை அவருக்குப் பிடிக்காதீர்கள்.

படிவம் நிரப்புவதில் சந்தேகம் என்றால் உங்கள் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்கலாம், இல்லை எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் கேட்கலாம். சங்கத்தில் கூப்பிட்டால் நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், மற்ற நாளில் வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
கம்மியர் மோட்டார் வாகனப் பிரிவுப் பயிற்றுநர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்